உயிர் மீனின் செவுள்

தாட்சாயினி என்னை வீட்டைவிட்டுத் துரத்தினாள் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். ஆனால் நடந்தது அதுதான். ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி தன் புருசனை ஒரு நாளைக்கு எங்கேயாவது போய்த் தொலையச் சொன்னாள்.

"வேலையிலை நிண்டால் போன். வீட்டிலை நிண்டால் கேள்வி. அசைஞ்சதோ, அசைஞ்சதோ எண்டு. அசையாட்டி நான் சொல்லமாட்டனே?" என்றாள். "யானிக் கூப்பிட்டவர்தானே. போட்டு வாங்கோ. ஒரு நாளெண்டாலும் நான் நிம்மதியாப் படுத்திருக்கிறன்."

யானிக், நான் வேலை செய்யும் கடைக்கு மொத்தச் சந்தையிலிருந்து மீன் கொண்டுவரும் லொறிக்காரன். கடை பாரிஸில், லா சப்பலில், இராஜதுரை அண்ணையுடையது. வாரம் முழுக்க மற்றவர்களுக்கு மீன் சுமக்கிறவன், லீவு நாளிலும் மீனைத் தேடித்தான் போவான். ஜூரா மலைப்பக்கம் அவனுக்கு ஓர் ஆறு இருக்கிறது. அதன் பெயரை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். சொன்னால் பாரிஸ் முழுக்கத் தூண்டிலோடு வந்துவிடுமாம்.

எனக்குப் பயம். அதை ஒளித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. இதற்கு முன்னர் இரண்டு பிள்ளைகள் எங்களுக்குத் தங்கவில்லை. இரண்டாவது போனபோது மாமி இராசமலர் ஊரிலிருந்து போனில் அழுதார். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்: "மருமோன்ரை கை நெடுக மீன் வெட்டுற கை. வயித்திலை பிள்ளை இருக்கிற வீட்டிலை உயிர்க்கொலை கூடாதெண்டு சும்மாவே சொல்லுறவை?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் வெட்டுகிற மீன் கடலில் எவனோ பிடித்து, செத்து, ஐஸில் கிடந்து வருகிறது. அதை நான் எங்கே கொல்கிறேன்? மாமியோடு நன்றாகவே வாய்காட்டினேன். ஆனால் தாட்சாயினி மறுபடியும் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த அடுத்த நாள் காலை, கடையில் கத்தியைத் தொட எனக்குக் கை வரவில்லை. காசு வாங்கும் இடத்தில் நிற்கிறேன் என்று அண்ணையிடம் சொன்னேன்.

"இந்தத் தெருவிலை உன்னைப்போலை விளைமீன் துப்பரவாக்க ஆள் இல்லை. நீ போய்க் கெஸ்ஸிலை நிக்கிறாய்," என்றார் இராஜதுரை அண்ணை. "செத்த மீன் உன்னை என்ன செய்யப்போகுது தம்பி?"

நான் மசியவில்லை. வீட்டிலும் மச்சம் மாமிசத்தை நிறுத்தினேன், தாட்சாயினிக்கும் சேர்த்துத்தான். டொக்டர் சொன்னதால் முட்டை மட்டும் தப்பியது. நுளம்பைக்கூட அடிக்கவிடாமல் யன்னலைத் திறந்து வழியனுப்பி வைத்தேன். அவள் முதலில் சிரித்தாள். பிறகு எப்போதோ சிரிப்பதை விட்டுவிட்டாள். அதை நான் கவனிக்கவில்லை.

இந்தக் கதையெல்லாம் யானிக்குக்குத் தெரியும். நான் ஏன் கத்தியை விட்டேன் என்று கேட்டபோது என்னுடைய பிரெஞ்சில் விளங்கப்படுத்தியிருந்தேன். அவன் சிரிக்கவில்லை. "அப்படியென்றால் நீ என் ஆற்றுக்குத்தான் வரவேண்டும். அங்கே ஒருவரும் மீனைக் கொல்வதில்லை. பிடிப்போம், பார்ப்போம், விடுவோம். அதுதான் அங்கே சட்டம்," என்றான்.

பிடித்த மீனைத் திரும்ப விடுவதற்காக நான்கு மணித்தியாலத்துக்கும் மேல் கார் ஓடுகிற சனத்தை அன்றைக்குத்தான் கண்டேன். எப்பினேயில் என் வீட்டு வாசலில் இருட்டோடு வந்து ஏற்றினான். புறப்படும்போது தாட்சாயினி நல்ல நித்திரை. எழுப்பி, அசைந்ததா என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டு இறங்கினேன்.

ஆற்றங்கரையில் இறங்கியதும் குளிர் காதைப் பிடித்தது. மே மாதம். மேலே அணைக்கட்டின் அடியிலிருந்து வருகிற தண்ணீர், அதற்கு மாதமும் தெரியாது, வெயிலும் தெரியாது. நெஞ்சுவரை ஏறுகிற றப்பர் காற்சட்டையையும் மிதவைச் சட்டையையும் யானிக் எனக்குப் போட்டுவிட்டான். காற்றடித்த படகைத் தண்ணீரில் தள்ளினோம். அவனுடைய சிநேகிதர் அலெக்சிஸ் எங்கள் காரின் திறப்பை வாங்கிக்கொண்டு போனார். கீழே நாங்கள் கரையேறும் இடத்தில் காரை விட்டுவிடுவாராம்.

"அப்ப இடையில் திரும்பி வர வேண்டுமென்றால்?" என்று கேட்டேன்.

"ஆறு திரும்பி ஓடாது கோகிலன்," என்றான் யானிக். "இறங்கினால் கடைசிவரை போகத்தான் வேண்டும்."

அதை முதலே சொல்லியிருந்தால் நான் ஏறியிருக்கமாட்டேன். படகு அதற்குள் கரையைவிட்டு நகர்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் வெள்ளைப் பாறை செங்குத்தாக எழும்பியது. போனை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் இருந்த இடத்தில் ஒரு குறுக்குக் கோடு.

"இங்கே ரெசோ இல்லை," என்றான் அவன். நல்ல செய்தி சொல்கிறவனைப் போலச் சிரித்துக்கொண்டே சொன்னான்.

நான் போனை மிதவைச் சட்டையின் நெஞ்சுப் பைக்குள் வைத்து இழுத்து மூடினேன். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் திறந்து பார்த்தேன். பிறகும் பார்த்தேன். யானிக் துடுப்பால் படகைத் திருப்பித் திருப்பி, தூண்டிலை எங்கே எறியவேண்டும் என்று காட்டினான். பாறையின் நிழல், நுரை போகிற கோடு, ஒரு பெரிய கல்லின் பின்புறம். பூச்சி மாதிரி நூலும் இறகும் வைத்துக் கட்டிய சின்னத் தூண்டில். மீனின் வாய் கிழியாமல் இருக்க அதன் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கியிருந்தான். நான் எறிந்ததெல்லாம் மரக்கிளையில் மாட்டியது. ஒருமுறை அவனுடைய தொப்பியிலும் மாட்டியது. அவன் பொறுமையாகக் கழற்றினான்.

என் மனம் எப்பினேயில் இருந்தது. இப்போது எழும்பியிருப்பாள். தேத்தண்ணி குடித்திருப்பாள். இனிப்புக் குடித்தால் பிள்ளை அசையும் என்று எங்கேயோ வாசித்திருந்தேன். நான் வீட்டில் நின்றால் சீனி போட்டாளா என்று பார்த்திருப்பேன். அவளுடைய தமக்கை சுதர்சனா திரான்சியிலிருந்து வந்து கூட இருப்பதாகச் சொல்லியிருந்தார். வந்திருப்பாரா? கார் ஸ்டார்ட் ஆகியிருக்குமா? தண்ணீர் இவ்வளவு அமைதியாக ஓடும்போது மனிதனுக்கு இப்படியெல்லாம் யோசனை வரும் என்று எனக்குத் தெரியாது.

மத்தியானம் ஒரு பழைய கற்பாலம் வந்தது. அதன் கீழே தண்ணீர் சுழன்று தேங்கி நின்றது. யானிக் படகை அந்தச் சுழலுக்குள் விட்டு நங்கூரக் கல்லைப் போட்டான். "இந்த இடம் ஏமாற்றாது," என்றான்.

ஏமாற்றவில்லை. இரண்டாவது தரம் எறிந்தபோது நூல் நின்றது, பிறகு இழுத்தது. என் கை தோள்வரை அதிர்ந்தது. அதுவரை இருந்த பயம், கவலை, மாமி எல்லாம் ஒரு நிமிசம் மறந்துபோனது உண்மை. யானிக் "மெதுவாக, மெதுவாக" என்று சொல்லச் சொல்ல நான் நூலை இழுத்தேன். மீன் படகின் பக்கத்தில் வந்து புரண்டது. ட்ரவுட். மஞ்சள் வயிறு, முதுகெல்லாம் கறுப்புப் புள்ளி, பக்கத்தில் வெள்ளை வளையம் போட்ட சிவப்புப் புள்ளி. எத்தனை வருசமாக மீன் கடையில் நிற்கிறேன், உயிரோடு இருக்கும் மீனுக்கு இப்படியொரு நிறம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. செத்து வருவதைத்தானே நான் கண்டிருக்கிறேன்.

"கையை நனைத்துப் பிடி. தண்ணீருக்கு வெளியே எடுக்காதே," என்றான் யானிக்.

நனைத்தேன், பிடித்தேன். அதற்குப் பிறகு நான் செய்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. எங்கள் கடைக்கு வருகிற எந்தத் தமிழ்ச் சனமும் செவுளைப் பார்க்காமல் மீன் வாங்காது. சிவப்பைக் காட்டு தம்பி என்பார்கள். இடக்கையில் மீனைத் தூக்கி, பெருவிரலால் செவுள் மூடியைக் கிளப்பி, சுட்டுவிரலை உள்ளே விட்டு விரித்துக் காட்டவேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தரம் செய்வேன் என்று எனக்கே தெரியாது. நல்ல மீன் கையில் வந்ததும் என் கை தன் வேலையைச் செய்தது. மீனைத் தூக்கினேன், மூடியைக் கிளப்பினேன், விரலை உள்ளே விட்டேன். சிவப்பைக் கண்டு "நல்ல மீன்" என்றுகூடச் சொன்னேன்.

யானிக் கத்தினான். அவன் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அப்போதுதான் என் விரலில் மீனின் இரத்தம் வழிவதைக் கண்டேன். செத்த மீனின் செவுளில் இரத்தம் ஓடுவதில்லை. என் விரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

"தண்ணீருக்குள் வை. தலை நீரோட்டத்துக்கு எதிராக இருக்க வேண்டும். வாய்க்குள் தண்ணீர் போகட்டும். தானாகத் திமிறிப் போகும்வரை விடாதே."

"தப்புமா?"

அவன் என்னைப் பார்க்காமல் தூண்டிலை மெல்லக் கழற்றினான். "செவுளில் இரத்தம் வந்தால் கஷ்டம்," என்றான். பிறகு, "பிடித்துக்கொண்டிரு," என்றான்.

படகின் விளிம்பில் குப்புறப் படுத்து, இரண்டு கையையும் முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டு, மீனைத் தாங்கிக்கொண்டிருந்தேன். குளிர் முதலில் வலித்தது, பிறகு எலும்புக்குள் இறங்கியது, பிறகு கை என்னுடையது இல்லைப்போல் ஆகிவிட்டது. செவுளிலிருந்து மெல்லிய சிவப்பு நூலாக நீரில் போய்க்கொண்டிருந்தது. வாய் திறந்து மூடியது. நான் மீனோடு கதைத்தேன். தமிழில்தான். செத்துப்போகாதே என்றேன். முருகனைக் கூப்பிட்டேன். நான் மச்சம் விட்டது, கத்தியை விட்டது எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். பெரிய தெய்வம் இந்தச் சின்னக் கணக்கெல்லாம் பார்க்குமா என்று ஒருவரும் கேட்கவேண்டாம். அந்த நேரம் எனக்கு அது ஒன்றுதான் உலகம். இந்த மீன் போனால் என் பிள்ளை போகும். அப்படித்தான் நம்பினேன்.

அப்போது என் நெஞ்சில் போன் அதிர்ந்தது.

பாலத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ இருந்து சிக்னல் வந்திருக்கிறது. அதிர்ந்து நின்றது. மறுபடியும் அதிர்ந்தது. கையை எடுத்தால் மீன் புரண்டுவிடும். யானிக் என் நெஞ்சுப்பையைத் திறக்கப் பார்த்தான். நான் விளிம்பில் நெஞ்சை அழுத்திக் கிடந்ததால் அவன் கை போகவில்லை. "எழும்பு, மீனை விடு," என்றான். நான் எழும்பவில்லை. போனை எடுக்காவிட்டால் செய்தி மட்டும்தான் பிந்தும், மீனை விட்டால் பிள்ளையே போய்விடும் என்று என் புத்தி எனக்குச் சொன்னது. அவ்வளவு அழகான புத்தி.

மூன்றாவது தரமும் அதிர்ந்து ஓய்ந்தது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் மீனின் வாய் திறந்தபடியே நின்றது. கையைத் தளர்த்திப் பார்த்தேன். அது மெதுவாகப் பக்கமாகச் சரிந்து, மஞ்சள் வயிற்றை மேலே காட்டியது.

யானிக் அதை என் கையிலிருந்து எடுத்து நீரோட்டத்தில் விட்டான். செத்தாலும் வைத்திருக்கக் கூடாதாம், அங்கே அதுதான் சட்டம். நான் விறைத்த விரலால் போனைப் பிடுங்கி எடுத்தேன். சுதர்சனா அக்கா அழைத்திருந்தார். கீழே ஒரு செய்தி.

"தம்பி எடுங்கோ. பிள்ளை அசையேல்லையெண்டு தாட்சா அழுறாள். ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுறம்."

திரும்ப எடுத்தேன். இரண்டு தரம் மணி போய் அறுந்தது. பிறகு அதே குறுக்குக் கோடு. எழும்பி நின்று போனைத் தலைக்கு மேல் தூக்கினேன். படகு சாய்ந்தது. யானிக் என் இடுப்பைப் பிடித்து இழுத்து இருத்தினான்.

"பாலத்துக்கு ஏறுவோம்," என்றேன்.

அவன் பாறையைக் காட்டினான். ஏற வழியில்லை. மேலே பாதை இருந்தாலும் அதில் வாகனம் போய் வருசக்கணக்காம். "கார் கீழே இருக்கிறது. ஆறுதான் விரைவான வழி," என்று சொல்லி நங்கூரத்தைத் தூக்கினான். அதற்குப் பிறகு அவன் ஒரு மீனையும் பார்க்கவில்லை, ஒரு கல்லின் நிழலையும் எனக்குக் காட்டவில்லை. நெற்றியில் வேர்வை ஓடத் துடுப்புப் போட்டான். எனக்கும் ஒரு துடுப்பைத் தந்தான். நான் போட்டதில் படகு கோணிப்போனது. வாங்கி வைத்துவிட்டான்.

ஒரு மணித்தியாலம் இருக்கும். சும்மா இருந்தேன். என் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று தெரிந்த உலகம் அந்தப் பாறைக்கு அப்பால் இருந்தது. நானோ அது தெரியாத உலகத்தில், பழத்தோட்டத்தில் உலாத்தப் போனவனைப்போல, படகில் குந்தியிருந்தேன். என்னைத் துரத்திவிட்டாளே என்று தாட்சாயினிமேல் கோபம் வந்தது. ஆற்றை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கடைசியில் என் விரலைப் பார்த்தேன். நகத்தின் இடுக்கில் இரத்தம் காய்ந்திருந்தது. மாமி சொன்னது சரி என்று நினைத்தேன். அதை நினைத்ததுதான் அன்றைக்கு எல்லாவற்றையும்விடக் கேவலம்.

பாறைகள் விலகி, வயலும் ஒரு சின்னக் கூடாரத் திடலும் தெரிந்தன. எங்கள் கார் நின்றது. படகு தரையில் தட்டமுன்னரே தண்ணீரில் குதித்து ஏறினேன். போனில் கோடுகள் முளைத்தன. அழைத்தேன். தாட்சாயினியே எடுத்தாள்.

"எங்கை நிக்கிறீங்கள்?"

"கரைக்கு வந்திட்டன். என்ன சொன்னவை?"

"இப்பதான் படுக்க வைச்சவை. மெசின் பூட்டிப் பாக்கவேணுமாம். மருத்துவிச்சி அதை எடுக்கப் போயிருக்கிறா." என்றாள். "இஞ்சேருங்கோ, நான் ஒரு வேலை செய்துபோட்டன்."

"என்ன?"

"நீங்கள் இல்லாத நாளிலை ஒருக்கா வாய்க்கு ருசியாச் சாப்பிடுவமெண்டு நினைச்சன். அக்காவைக் கொண்டு நண்டு வாங்குவிச்சனான். உயிர் நண்டு. அக்கா பயந்து நிண்டவ. நான்தான் கொதிதண்ணிக்கை போட்டனான். ஒண்டு சாகேல்லை. சட்டியைப் பிறாண்டினது. மூடியை அமத்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்." அவள் அழத் தொடங்கினாள். "அதுக்குப் பிறகுதான் பிள்ளை அசையேல்லை. நீங்கள் எத்தினை தரம் சொன்னனீங்கள். நான்தான் கேக்கேல்லை. என்ரை கையாலை நானே..."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். மறைக்கவில்லை. இத்தனை மாதம் ஒரு நுளம்புக்குக்கூட வழிவிட்டவன் நான். வாய் திறந்தேன். மாமி என்ன சொல்லுவாரோ அதே சொல், அதே ராகத்தில், என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அது எனக்கே கேட்டது. அவளைத் தொடவிடாமல் நான் மாதக்கணக்கில் தடுத்து வைத்திருந்த நண்டு அது. சட்டிக்கு முன்னால் மூடியைப் பிடித்துக்கொண்டு அவள் பயந்தது நண்டுக்கு இல்லை, எனக்குத்தான்.

"தாட்சா," என்றேன். "நானும் ஒண்டைக் கொன்றுபோட்டன்."

அழுகை நின்றது. "என்னத்தை?"

"மீன். ட்ரவுட். விடுறதுக்குத்தான் பிடிச்சது. நான் செவுளைத் திறந்து பாத்திட்டன்."

"உயிரோடையோ?"

"ஓம்."

"உயிரோடை துள்ளுற மீனுக்கு எதுக்குச் செவுள் பாக்கிறீங்கள்?"

"தெரியேல்லை. கை போயிட்டுது."

அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. சிரிப்பு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை, அழுகையும் இல்லை. "அப்ப ஆரின்ரை பிழை?" என்று கேட்டாள்.

"ஒருத்தற்றை பிழையும் இல்லை," என்றேன். அதை நான் நம்பினேனா என்று கேட்டால் பாதிதான். ஆனால் நம்புகிறவனைப்போல உரத்துச் சொன்னேன். "நண்டும் இல்லை, மீனும் இல்லை. உன்ரை அம்மா சொன்னதும் பிழை, நான் சொன்னதும் பிழை. கேக்குதோ? நீ ஒண்டும் செய்யேல்லை."

ஒரு பெண் பிரெஞ்சில் பேசிக்கொண்டு வந்தார். மருத்துவிச்சி. தாட்சாயினி போனை வைக்கவில்லை, கட்டிலில் போட்டிருக்கவேண்டும். துணி சரசரத்தது. சுதர்சனா அக்கா தேவாரம் முணுமுணுத்தார். மருத்துவிச்சி "பொறுங்கள்" என்றார். மெசினைக் கொஞ்சம் தள்ளி வைத்து மறுபடியும் "பொறுங்கள்" என்றார். நான் தண்ணீர் சொட்டச் சொட்டக் கூழாங்கல்லில் நின்றேன். யானிக் படகை இழுத்தபடி அப்படியே நின்றுவிட்டான். அந்த நேரம் ஆற்றில் இருந்த நேரத்தைவிட நீளம்.

பிறகு கேட்டது. டக்டக், டக்டக் என்று, ஓடிவருகிற மாதிரி வேகமாக. மருத்துவிச்சி ஏதோ சொல்லிச் சிரித்தார். போன் உரசி, தாட்சாயினியின் மூச்சு என் காதுக்குள் வந்தது.

"நித்திரையாம்," என்றாள். "பிள்ளை நல்ல நித்திரையாம். அவ்வளவுதானாம்."

 கல்லில் இருந்துவிட்டேன். வாய்விட்டு அழுதேன். யானிக் அதைப் பார்த்து வேறு விதமாக நினைத்து, மெதுவாகத் தொப்பியைக் கழற்றினான். நான் கையை ஆட்டி இல்லை, இல்லை, உயிரோடு இருக்கிறது என்றேன். அவனும் எனக்குப் பக்கத்தில் இருந்து, தொப்பியால் முகத்தைத் துடைத்தான்.

"இஞ்சேருங்கோ," என்றாள் தாட்சாயினி. இப்போது குரல் தெளிவாக இருந்தது. கோபமும் இல்லை. "ஒண்டு சொல்லுறன். இனி எனக்குப் பயம் காட்டாதேங்கோ. என்ரை பயமே எனக்குக் காணும். உங்கடை பயத்தையும் சேத்துச் சுமக்க என்னாலை ஏலாது."

இத்தனை மாதமும் நான் அவளுக்குக் காவல் நிற்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன்.  ஓம் என்றேன்.